சிறு வயதில் நடந்ததற்கும் இன்று கண்ணாடி பார்க்க முடியாததற்கும் தொடர்பு உண்டா?

குமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். வயது 29. எட்டு வயதிலிருந்து பத்து வயது வரை, வீட்டுக்கு வந்துபோன உறவினர் ஒருவர் அவரிடம் அத்துமீறியிருக்கிறார். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதே வருடங்களில் வீட்டில் அவருக்குப் பட்டப்பெயர் ‘தடிச்சி’. இப்போது விளக்கை அணைத்துவிட்டுத்தான் குளிக்கிறார். கண்ணாடியில் கழுத்துக்குக் கீழே பார்ப்பதில்லை. பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு, இரவில் அடுக்களையில் ஆளில்லாத நேரம் வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறார். கல்யாணப் பேச்சு நடக்கிறது. “பத்து கிலோ குறைஞ்சா எல்லாம் சரியாயிரும் மக்களே” என்கிறார் அம்மா. அவர் கேட்பது இதுதான்: இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா, அல்லது பழையதைச் சாக்காகச் சொல்கிறேனா? எடை குறைந்தால் இது போய்விடுமா?

உங்கள் உடல்மேல் உங்களுக்கு இருக்கும் இந்த அருவருப்பு உங்கள் குணமா, வேறொருவர் உங்களுக்குள் போட்டுவிட்டுப் போனதா என்பதே கேள்வியின் அடியில் இருப்பது என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சாக்குச் சொல்லவில்லை. தொடர்பு உண்டு. இதற்குச் சிகிச்சையும் உண்டு. ஆனால் எடைக் குறைப்பிலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் நிலைமை மோசமாகும். நான் எழுதுவது மனநலச் சிகிச்சைப் பயிற்சியில் கற்பிக்கப்படுவதையும் ஆய்வுகள் காட்டியதையும் வைத்து. நான்கு வரிக் கேள்வியைப் படித்துவிட்டு உங்களுக்கு இன்ன நோய் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. 1980களில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் பருமனுக்கான சிகிச்சைத் திட்டம் ஒன்றை நடத்தினார். அதில் நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் விட்டுப் போனார்கள். காரணம் தேடி ஒவ்வொருவரையும் விரிவாக விசாரித்தபோது, அவர்களில் பலர் குழந்தைப் பருவத்தில் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. எடை கூடத் தொடங்கியதும் பலருக்கு அதன் பிறகுதான். அவர்களுக்குப் பெரிய உடல் ஒரு மதில்போல இருந்தது. மதில் இடிய இடியப் பயம் திரும்பிவந்தது. இதிலிருந்து பிறந்ததுதான் 17,000 பேருக்கு மேல் பங்கேற்ற பெரிய ஆய்வு. அதன் முதல் கட்டுரை 1998இல் வந்தது. சிறு வயதில் நான்கு வகையோ அதற்கு மேலோ துன்பம் கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, போதைப் பழக்கம் ஆகியவை பல மடங்கு அதிகம் என்று அது காட்டியது. கடுமையான உடல் பருமன் மட்டும் 1.4 முதல் 1.6 மடங்குதான் அதிகம். இந்தச் சிறிய எண்ணையும் கவனியுங்கள். தொடர்பு உண்மை, ஆனால் அது தலைவிதி இல்லை. அத்துமீறலுக்கு ஆளான பலர் உடலோடு சமாதானமாக வாழ்கிறார்கள். எதற்கும் ஆளாகாத பலர் தங்கள் உடலை வெறுக்கிறார்கள்.

நம் நாட்டில் 2007இல் ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியது. கேரளம் அதில் இருந்தது, தமிழ்நாடு இல்லை. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள், 53 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஆண்பிள்ளைகள் பாதிக்குச் சற்று அதிகம். இதைப் படிக்கும் ஆண்களுக்காக ஒரு வார்த்தை: உங்களுக்கும் இதே வெட்கம் வரும். அது ஓயாத உடற்பயிற்சியாகவோ, சட்டையைக் கழற்ற முடியாத கூச்சமாகவோ, குடியாகவோ வெளிப்படலாம்.

தொடர்பு எப்படி ஏற்படுகிறது என்பதில்தான் உங்களுக்கு உதவும் விஷயம் இருக்கிறது. அது ஒற்றை வழி கிடையாது. முதல் வழி பழி. எட்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டுப் பெரியவர் கெட்டவர் என்று நம்புவதைவிடத் தான் கெட்டவள் என்று நம்புவது எளிது, ஏனென்றால் அந்தப் பெரியவர்களை நம்பித்தான் அது வாழ வேண்டும். ஆகவே பழி உடல்மேல் விழுகிறது: ‘என் உடம்பு இப்படி இருந்ததால்தான்’. இரண்டாவது அருவருப்பு. அன்று அத்துமீறியவர்மேல் வந்திருக்க வேண்டிய அருவருப்பு, தொடப்பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. சிலர் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை குளிப்பார்கள். சோப்பால் தீராது, ஏனென்றால் அழுக்கு தோலில் இல்லை. மூன்றாவது மரத்துப்போதல். தப்பி ஓட முடியாத பிள்ளை உடலை அங்கேயே விட்டுவிட்டு மனதை மட்டும் வேறெங்கோ கொண்டுபோகப் பழகுகிறது. அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டால் பசி, வயிறு நிறைவு, களைப்பு, சிறுநீர் முட்டுவது எல்லாமே தாமதமாகத்தான் தெரியும். வயிறு வலிக்கும்வரை சாப்பிடுவதில் இதற்கும் பங்கு உண்டு. நிறைந்தது தெரியாமல் வலிதான் முதலில் தெரிகிறது.

நான்காவது வழியைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை: சொல். ‘தடிச்சி’, ‘கறுத்தவ’, ‘இவளை எவன் கெட்டுவான்’ என்பவை. பாலியல் அத்துமீறல் நடந்திருந்தால் எல்லோரும் அதை மட்டுமே பார்ப்பார்கள். ஆனால் உணவு, உடல் சார்ந்த கோளாறுகளோடு, வருடக்கணக்கில் நடந்த மன ரீதியான துன்புறுத்தலுக்கும் வலுவான தொடர்பு இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒரே வருடங்களில் நடந்திருக்கின்றன. ஒருவர் உங்கள் உடலைத் தன் பொருளாக நடத்தினார். மற்றவர்கள் அதே உடலைக் கேலிப் பொருளாக்கினார்கள். கேலி செய்தவர்களுக்கு மற்றது தெரியாமல் இருந்திருக்கலாம். பிள்ளையின் மனதில் இரண்டும் ஒரே செய்தியாகத்தான் பதியும்.

இனி சந்தேகத்துக்குரியவை. உங்களுக்கு நினைவு இருக்கிறது, ஆகவே இந்த ஆபத்து உங்களுக்கு இல்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு சிலருக்கு உண்டு. ‘எனக்கும் கண்ணாடி பிடிக்காது, அப்படியென்றால் எனக்கும் ஏதோ நடந்து மறந்திருக்குமோ’ என்று பின்னோக்கிக் கணக்குப் போடாதீர்கள். அறிகுறியை வைத்து நடந்ததை ஊகிக்க முடியாது. ஹிப்னாடிச வசிய நிலைக்குக் கொண்டுபோய்ப் ‘புதைந்த நினைவை’ எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் போகவே வேண்டாம். நடக்காததை நடந்ததாக மனதில் பதிய வைக்க அந்த முறையால் முடியும். மூளை ஸ்கேனில் மனக்காயத்தைக் காட்டுகிறேன் என்பதும் அப்படித்தான். நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும், தனி ஒருவரின் படத்தில் அதைப் படிக்க முடியாது.

உங்கள் சாப்பாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் நாளையே கை வைக்கக்கூடிய இடம் இது. பகலில் பட்டினி கிடந்தால் இரவில் கட்டுப்பாடு உடைவது உடலின் சாதாரண எதிர்வினை. உடைந்ததும் வெட்கம் வருகிறது, வெட்கத்துக்குத் தண்டனையாக மறுநாள் பட்டினி, அதனால் மறுநாள் இரவும் அதே கதை. உங்களுக்கு இதோடு இன்னொன்றும் சேர்கிறது: வீடு அடங்கிய இரவு நேரம் பழைய நினைவு வரும் நேரமாகவும் இருந்தால், சாப்பாடு அதை அமுக்கும் மருந்தாகிவிடுகிறது. ஆகவே முதல் வேலை இரவை அடக்குவது இல்லை, பகலை நிரப்புவது. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிறு தீனி, எந்த இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. பசி வந்தாலும் வராவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். உங்கள் பசி உணர்வை இப்போதைக்கு நம்ப முடியாது. காலை எட்டு மணிக்கு இரண்டு இட்லியோ புட்டும் பயறுமோ, பதினொன்றுக்கு ஒரு மட்டிப்பழம், மதியம் சோறும் மீன்கறியும், நாலரைக்குச் சாயாவோடு சுண்டல், இரவு எட்டரைக்குக் கஞ்சி. மரச்சீனிக் கிழங்கை விலக்க வேண்டாம். விலக்கிய பண்டத்தைத் தேடித்தான் இரவில் கை போகும். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, மனம் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் மூன்று வார்த்தை எழுதுங்கள், கலோரி எழுதாதீர்கள். முதல் இரண்டு வாரம் எடை கூடிவிடும் என்ற பயம் கடுமையாக இருக்கும், பலர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். எடை பார்ப்பதை வாரம் ஒரு முறைக்குக் கட்டுப்படுத்துங்கள், அல்லது இந்த மாதம் பார்க்கவே வேண்டாம். இரவில் ஒரு நாள் தவறினால் மறுநாள் காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். இந்த ஒரு விதியைக் காப்பாற்றினால் போதும், சுழற்சி தளரும்.

சாப்பிட்டபின் வாந்தி எடுப்பதோ, மலமிளக்கி எடுப்பதோ உண்டென்றால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து அதில் உண்டு. எப்படியும் ஒருமுறை ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பார்த்துவிடுவது நல்லது; எல்லாவற்றையும் மனதின் தலையில் கட்டிவிடக் கூடாது. தவக்காலத்தில் ஒருசந்தி, உபவாச ஜெபம், விரதம் எதுவாக இருந்தாலும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பக்திக்காக இருக்கும் பட்டினிக்கும் தன்னைத் தண்டிக்க இருக்கும் பட்டினிக்கும் உங்கள் உடலுக்கு வித்தியாசம் தெரியாது. எடை குறைக்கும் பவுடர் விற்பவர்கள் உங்கள் அம்மாவிடம் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குளியலறையும் கண்ணாடியும் அடுத்து. முழு இருட்டிலிருந்து முழு வெளிச்சத்துக்கு ஒரே நாளில் தாவ வேண்டாம். முதல் வாரம் கதவுக்கு வெளியே விளக்கு எரியட்டும், கதவு இடுக்கில் வரும் வெளிச்சம் போதும். அடுத்த வாரம் உள்ளே ஒரு சிறு ஜீரோ வாட் பல்பு. பதற்றத்துக்குப் பத்தில் ஒரு மதிப்பெண் கொடுங்கள். நான்கு, ஐந்து என்றால் அங்கேயே நில்லுங்கள், தானாகக் குறையும். ஏழைத் தாண்டினால் ஒரு படி பின்னால் வந்துவிடுங்கள். அது தோல்வி இல்லை, அளவு தெரியாமல் கூட்டியதுதான் காரணம். கண்ணாடியில் கையிலிருந்து தொடங்குங்கள், ஆடையோடு, பகலில், இரண்டு நிமிடம். பார்ப்பதை மதிப்பிடாமல் சொல்லிப் பாருங்கள்: ‘விரல் நீளமாக இருக்கிறது, நகத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறது’. ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று வந்தால் நிறுத்தி, நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் சொல்லுங்கள். அத்துமீறலோடு தொடர்புடைய உடல் பகுதிகளைத் தனியாக முயல வேண்டாம். அது பயிற்சி பெற்றவர் துணையோடு செய்யும் வேலை. கண்ணாடியைத் தவிர்ப்பது எவ்வளவு கெடுதலோ, நாளுக்கு இருபது முறை வயிற்றைக் கிள்ளிப் பார்ப்பதும் அவ்வளவு கெடுதல். சுவாமித்தோப்பில் அய்யாவழியினரின் தலைமைப் பதியில், கருவறை போன்ற பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடிதான் இருக்கிறது. தலைப்பாகை கட்டி வணங்க வருபவர் அதில் தன்னைத்தான் பார்க்கிறார். சிகிச்சைக்கும் அதற்கும் முடிச்சுப் போடவில்லை. ஆனால் கண்ணாடி என்றாலே குறை கண்டுபிடிக்கும் இடம் என்று இருக்க வேண்டியதில்லை என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

பழைய நினைவு திடீரென்று அடிக்கும்போது கண்ணை மூடி மூச்சைக் கவனி என்று பலர் சொல்வார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அது சில நேரம் எதிராகத் திரும்பும். கண் மூடினால் அந்த அறைக்கே போய்விடுவார்கள். கண்ணைத் திறந்தே வையுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள், தொட முடிந்த நான்கு, காதில் விழும் மூன்று ஒலி என்று எண்ணுங்கள். இன்றைய தேதியையும் உங்கள் வயதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் உதவும். தையல்காரர் அளவு எடுப்பது பொறுக்கவில்லையென்றால் அளவு ப்ளவுஸ் கொடுத்துவிட்டு வாருங்கள். திற்பரப்பு அருவியில் எல்லோரும் நனையும்போது நீங்கள் கரையில் நிற்பதற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவப் பரிசோதனைக்குப் போனால், படுப்பதற்கு முன்பே, ‘தொடுவதற்கு முன் சொல்லுங்கள், நான் கையைத் தூக்கினால் நிறுத்துங்கள், கூட ஒரு பெண் இருக்கட்டும்’ என்று சொல்லிவிடுங்கள்.

இவை எல்லாம் கைத்தாங்கல்தான், சிகிச்சை வேறு. மனக்காயத்தை நேராகக் கையாளும் பேச்சுச் சிகிச்சைகளில் ஆதாரம் வலுவாக உள்ளவை சில: காயத்தால் உருவான எண்ணங்களை எழுதிச் சோதிக்கும் முறை (வழக்கமாக 12 அமர்வு), நினைவைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறை (வாரம் ஒன்றாக 8 முதல் 15 அமர்வு), கண்ணசைவோடு செய்யும் ஈ.எம்.டி.ஆர். உணவுக் கோளாறுக்கான சிந்தனை நடத்தைச் சிகிச்சை தனியாக 20 வாரம், ஏறத்தாழ 20 அமர்வு. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், நீண்ட காலத் துன்புறுத்தலால் வரும் கூட்டு மனக்காயத்தைத் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. தன்னைப் பற்றிய இழிவான எண்ணம் அதன் அறிகுறிகளில் ஒன்று. காயத்தைத் தொடுவதற்கு முன் பல மாதம் மனதைப் பதப்படுத்த வேண்டுமா, சீக்கிரமே தொடங்கலாமா என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. எனக்குப் பட்டது: இரவுச் சாப்பாடு ஓரளவு சீரானதும் தொடங்கிவிடலாம், எல்லாம் சரியாகட்டும் என்று காத்திருந்தால் வருடம் போய்விடும்.

அசுத்தமாகிவிட்டேன் என்ற உணர்வுக்கு ஜெர்மனியில் ஒரு குறுகிய முறையை உருவாக்கினார்கள். தோலின் மேல்படலம் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. கடைசியாகத் தொடப்பட்ட நாளிலிருந்து எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டிருக்கும் என்று கணக்குப் போடச் சொல்கிறார்கள். உங்களுக்கு 19 வருடம். ஆறு வாரம் என்று வைத்தாலும் நூற்றைம்பது முறைக்கு மேல் வருகிறது. அவர் தொட்ட தோல் உங்களிடம் இல்லை. கணக்கு மட்டும் போதாது. அதன்பின் அந்த மாற்றத்தை மனக்காட்சியாகப் பழக்குவார்கள். ஆய்வு சிறியது, சில பத்துப் பெண்களிடம் செய்தது. பலன் தெளிவாக இருந்தது, ஆனாலும் பெரிய ஆய்வுகளின் உறுதியை அதற்குக் கொடுக்க மாட்டேன்.

மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளை மனநல மருத்துவர் தருவார். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நன்றாக இருக்கிறது என்று திடீரென்று நிறுத்தக் கூடாது. தூக்கத்துக்காக அல்ப்ரசோலம், குளோனசெபம் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்குவது இந்தக் காயத்தை ஆற்றாது, பழக்கமாகிவிடும்.

எங்கே போவது? நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உண்டு, ஓ.பி. சீட்டு எடுத்துப் பார்க்கலாம். தெரிந்தவர் கண்ணில் படுவோம் என்ற பயம் நம் மாவட்டத்தில் நியாயமானது. அப்படியென்றால் முதலில் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அதே எண், அல்லது நேராக அவசரப் பிரிவு. தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவான மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். குழந்தைப் பருவ அத்துமீறலுக்குச் சிகிச்சை கொடுத்த அனுபவம் உண்டா என்றும், நான் சொல்வதில் எதை வெளியே சொல்வீர்கள் என்றும் கேளுங்கள். முதல் நாளே முழுக் கதையையும் சொல்லச் சொல்லி வற்புறுத்துபவரும், ‘மன்னிச்சிடுங்க, சரியாயிரும்’ என்பவரும் உங்களுக்குரியவர்கள் இல்லை. ஆலயத்திலும் தியானக் கூட்டத்திலும் அதையே சொல்வார்கள். மன்னிப்பது உங்கள் விருப்பம், அதைக் குணமடைய நிபந்தனையாக யாரும் வைக்க முடியாது.

அம்மாவிடம் இப்போதே எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. “என் உடம்பைப் பத்தி இனி பேச வேண்டாம்மா, டாக்டரைப் பார்க்கிறேன்” என்பது முதல் கட்டத்துக்குப் போதும். வரப்போகிறவரிடம் சொல்வதா என்பதையும் சிகிச்சை தொடங்கிச் சில மாதம் கழித்து முடிவு செய்யலாம். முடிந்தால் கல்யாணத் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

ஒரே ஒரு விஷயம் காத்திருக்கக் கூடாது. அந்த உறவினர் இப்போதும் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் போய்வருகிறாரா? அப்படியென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்துச் சொல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14இல்தான் நடைமுறைக்கு வந்தது. உங்களுக்கு நடந்தது அதற்கு முன்பு, ஆகவே அதற்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். சாட்சியம் கடினம் என்பதை மறைக்கவில்லை. புகார் கொடுப்பதா என்பது உங்கள் முடிவு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

முதல் சந்திப்பில் வாய் வரவில்லையென்றால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள்: ‘எட்டு வயதில் ஒரு பெரியவர் என்னிடம் அத்துமீறினார். விவரம் இன்று சொல்ல மாட்டேன். இரவில் கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிடுகிறேன். என் உடம்பைப் பார்க்க முடியவில்லை. எடை குறைக்க வரவில்லை.’ இந்த ஐந்து வரியும் இருந்தால் மருத்துவர் எங்கே தொடங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.